தப்பிய ஒன்றே போதும்

ஐயா,

சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு, நோயாளியின் ரத்தத்தைக் குடித்த சுமார் 24 மணி நேரத்தில் மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் குடல் சுவரைத் துளைக்கிறது. கொசுவின் ரத்த அணுக்கள் அங்கே விரைந்து நுண்பைகளை (மிகச் சிறிய பைகளை) வெளியிடுகின்றன. அதனால் தூண்டப்படும் 'டெப்-1' என்னும் கொசுவின் எதிர்ப்புப் புரதம் ஒட்டுண்ணிமேல் படிந்து அதைக் கொல்கிறது. பெரும்பாலானவை இப்படி மடியும். ஆனால் தப்பிய ஒன்றே ஆயிரக்கணக்கில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்விடும்.

அங்கிருந்து அடுத்த கடியில் மனிதருக்குத் தொற்றும். ஆகவே கொசு பெருகாமல் தடுக்க வேண்டும்; அது பெருகும் ராயபுரம், வியாசர்பாடி மாடித் தொட்டிகளே நம் கவலை. மூடியை மட்டும் போட்டுவிட்டு, நீர் வழியும் குழாயை வலை கட்டாமல் விடுகிறார்கள். கொசு அந்த வழியாக நுழைந்து முட்டையிடும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாளே ஆகும். தொட்டியை வாரம் ஒருமுறை காலிசெய்து தேய்த்துக் கழுவுங்கள்.

வாசகர்கள்,
தண்டையார்பேட்டை