ஒரு சொட்டு இரத்தம் எந்தத் துறையைச் சேர்ந்தது?

பெருமதிப்புக்குரிய புற்றுநோய் ஆய்வு நிதிக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சினைப்பைப் புற்றுநோயை இரத்தத் துளியிலிருந்து கண்டறிய, அத்துளி அகச்சிவப்பு ஒளியை எப்படி உட்கொள்கிறது என்று அளக்கும் அகச்சிவப்பு நிறமாலையியல் உதவுமா என்று ஆராய எங்கள் குழு அனுப்பிய விண்ணப்பம் பதினான்கு மாதங்கள் கழித்துச் சென்ற வாரம் திரும்பி வந்தது. "இது இயற்பியல் சார்ந்தது, உரிய துறையை அணுகவும்" என்று ஒற்றை வரி எழுதியிருந்தது. அந்த உரிய துறை இதே விண்ணப்பத்தை "இது மருத்துவம் சார்ந்தது" என்று முன்பே திருப்பி அனுப்பிய கடிதமும் அதே கோப்பின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. மற்ற விவரங்களைத் தாங்கள் அறிவீர்கள் என்பதால் கோப்பின் வரலாற்றை இங்கே மீண்டும் எழுதவில்லை.

விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர்களுள் நானும் ஒருத்தி. அரசுக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். படிவத்தில் எழுத இடமில்லாத இன்னொரு தொடர்பும் இந்த ஆய்வோடு எனக்கு உண்டு. என் அக்கா இந்த நோயில்தான் இறந்தார்.

அப்போது அவருக்கு வயது 52. இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்றார். வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். அடுத்து அல்சர் என்றார்கள். வாரத்துக்கு வாரம் பாவாடை நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கட்டிக்கொண்டே வந்தவர், வயதானால் சதை போடத்தான் செய்யும் என்று சிரித்தார். கன்னமும் கையும் வற்றிக்கொண்டிருக்க வயிறு மட்டும் எப்படிப் பெருக்கும் என்று வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும்தான். நான்காம் மாதம் ஸ்கேன் எடுத்தபோது வயிற்றில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. இந்நோய்க்கு அடையாளமாக இரத்தத்தில் அளக்கப்படும் சி.ஏ.125 என்ற புரதத்தின் அளவும் மிகுந்திருந்தது. ஆனால் அது வயிற்றுக் காசநோயிலும் உயரும், கருப்பையின் உட்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும் உயரும். நம் நாட்டில் வயிற்றில் நீர் கண்டால் காசநோயை நினைப்பதும் இயல்பு. காசநோய் மாத்திரைகளைத் தொடங்கினார்கள். அவற்றுள் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். அக்கா அந்த நிறத்தைப் பார்த்து, நோய் வெளியேறுகிறது என்று நம்பினார். இரண்டரை மாதம் அப்படி நம்பிய பிறகு அறுவைச் சிகிச்சைக்காக வயிற்றைத் திறந்தார்கள். நோய் மூன்றாம் நிலையில் இருந்தது.

அந்த மருத்துவர்களை நான் குறை கூறவில்லை. முதல் நிலையில் இருக்கும் சினைப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் சி.ஏ.125 உயர்வதே இல்லை. உயரும்போதோ புற்றுநோயால்தான் உயர்ந்தது என்று சொல்ல முடிவதில்லை. அவர்கள் கையில் இருந்த சோதனை அவ்வளவுதான். முதல் நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட பெண்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள், முற்றிய நிலையில் அது மூன்று பேராகக் குறைகிறது என்பதும், 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் 45 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் வருகிறது என்பதும் தங்கள் மேசையில் உள்ள அறிக்கைகளிலேயே இருக்கும்.

நாங்கள் கேட்பது இவ்வளவே. சினைப்பையில் கட்டி இருக்கலாம் என்ற ஐயத்தோடு அரசு மருத்துவமனைகளுக்கு வரும் பெண்களிடம் வழக்கமான சோதனைகளுக்காக எப்படியும் எடுக்கப்படும் இரத்தத்திலிருந்து, அவர்களுடைய ஒப்புதலோடு சில துளிகளைப் பிரித்துச் சேமிக்கவும், அறுவைக்குப் பின் வரும் திசுச் சோதனை முடிவோடு அவற்றின் நிறமாலையை ஒப்பிடவும் அனுமதியும் நிதியும் வேண்டும். ஒரே மருத்துவமனையில் செய்தால் போதாது. பல மருத்துவமனைகளில் செய்ய வேண்டும்.

இரத்தத்தில் உள்ள புரதம், கொழுப்பு, சர்க்கரை, நியூக்ளிக் அமிலம் ஆகியவற்றின் பிணைப்புகள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய அதிர்வெண்ணில் அகச்சிவப்பு ஒளியை உட்கொள்கின்றன. புரதத்தின் அமைடு பிணைப்பு காட்டும் முகடு 1,650 அலை எண்ணை (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) ஒட்டி எழும்; தண்ணீரும் அதே இடத்தில் ஒளியை விழுங்கிவிடும் என்பதால், இரத்த அணுக்களை நீக்கிய பிளாஸ்மாத் துளியை முதலில் உலரவைக்க வேண்டும். உலர்ந்த துளி, டீ சிந்திக் காய்ந்த இடத்தில் விளிம்பு மட்டும் கறுத்துத் தெரியுமே, அதுபோல ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்து கிடக்கும். ஆகவே பல இடங்களில் அளக்க வேண்டும். அளவீடு சில நிமிடங்களில் முடிந்துவிடும். வேதிப்பொருள் செலவு ஏதுமில்லை. கருவியில் துளி படும் படிகத்தைத் துடைக்க ஆல்கஹாலும் பஞ்சும் போதும்.

2013இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் ஆய்வாளர்கள் இம்முறையில் சினைப்பைப் புற்றுநோய் உள்ள 30 பெண்களின் இரத்தத்தை நோயற்ற 30 பெண்களின் இரத்தத்திலிருந்து 96.7 விழுக்காடு வரை சரியாகப் பிரித்துக் காட்டினார்கள். 2023இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான ஃபெரென்ஸ் கிரௌஸின் குழுவும் மியூனிக்கில் இரத்தத்தின் அகச்சிவப்புக் கைரேகையைத்தான் ஆராய்கிறது. இவற்றைக் காட்டி உடனே கருவி வாங்கித் தாருங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. முப்பதும் முப்பதும் அறுபது பேர்தான்; அவ்வளவு சிறிய தொகுப்பில் கிடைக்கும் விழுக்காட்டை நான் நம்புவதில்லை. எந்தக் காரணத்துக்காக நம்புவதில்லையோ அதே காரணத்துக்காகத்தான் பல மருத்துவமனை ஆய்வு வேண்டும் என்கிறேன்.

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஊதா மூடி போட்ட குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். அதற்கென்று 1,600, 1,400 அலை எண்களை ஒட்டிச் சொந்த முகடுகள் உண்டு. நோயாளிகளின் இரத்தம் ஒரு மருத்துவமனையிலிருந்து ஊதா மூடிக் குழாயிலும், நோயற்றவர்களின் இரத்தம் வேறோர் இடத்திலிருந்து வேறு குழாயிலும் வந்தால், கணினி புற்றுநோயைக் கற்றுக்கொள்ளாது, மூடியின் நிறத்தைத்தான் கற்றுக்கொள்ளும். விழுக்காடு மட்டும் அழகாக வரும். எத்தனை முறை உறையவைத்து உருக்கினார்கள் என்பதும் நிறமாலையில் பதிந்துவிடும். எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே குழாய், ஒரே கால அளவு, அளப்பவருக்கு நோயாளி யாரென்று தெரியாத ஏற்பாடு என்று எங்கள் விண்ணப்பத்தின் பதினோராம் பக்கத்திலிருந்து பதினாறாம் பக்கம் வரை எழுதியிருப்பதெல்லாம் இதற்காகத்தான். அந்தப் பக்கங்களை யாரும் புரட்டியதற்கான அடையாளம் திரும்பி வந்த பிரதியில் இல்லை.

இன்னொன்று, இதை நம் நாட்டில்தான் செய்து பார்க்க முடியும். குளுக்கோஸின் முகடுகள் 1,000 முதல் 1,150 வரையிலான பகுதியில் விழுகின்றன. புற்றுநோய்க்கான மாறுதல்களைத் தேடும் இடங்களுள் அதுவும் ஒன்று. நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. லங்காஸ்டரில் தேறிய கணக்கு, சர்க்கரை நோயும் இரத்தசோகையும் சேர்ந்திருக்கும் நம் பெண்ணின் இரத்தத்தில் தேறுமா என்பதை லங்காஸ்டர் சொல்ல முடியாது. காசநோயால் வரும் நீரையும் சினைப்பைப் புற்றுநோயால் வரும் நீரையும் பிரித்துக் காட்டுமா என்பதும் அவர்களுக்கு அவசரமான கேள்வி அன்று. எங்களுக்கு அவசரம்.

பிரிட்டனில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் சி.ஏ.125, ஸ்கேன் ஆகியவற்றைக் கொண்டு செய்த நெடுங்கால ஆய்வின் முடிவு 2021இல் வந்தது, நோயை முன்னதாகக் கண்டும் இறப்புகள் குறையவில்லை, ஆகவே இதெல்லாம் வீண் என்று ஓர் உறுப்பினர் நேரில் சொன்னார். அந்த ஆய்வு நோய்க்குறி இல்லாத பெண்களை வரவழைத்துச் சோதித்த ஆய்வு. நாங்கள் ஊர் ஊராக முகாம் போடக் கேட்கவில்லை. வயிறு வீங்கி, ஓ.பி. சீட்டோடு வரிசையில் ஏற்கெனவே நிற்கும் பெண்களில் யாரை முதலில் புற்றுநோய் அறுவை மருத்துவரிடம் அனுப்புவது என்பதற்கு உதவி கேட்கிறோம்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று, 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாளைக் கல்லூரிதோறும் கொண்டாடுகிறோம். பேனர் உண்டு, பேச்சுப்போட்டி உண்டு, கேசரி உண்டு. அன்று மட்டும் எங்கள் ஆய்வகத்தில் அகச்சிவப்பு நிறமாலையை அளக்கும் எஃப்.டி.ஐ.ஆர். கருவிக்கு உறையை எடுத்துவிட்டு மாணவர்களை வரிசையில் நிறுத்திக் காட்டுவார்கள். கடைசியாக நான் போனபோது உள்ளே ஈரம் உறிஞ்சப் போட்டிருந்த நீல நிறச் சிலிக்கா ஜெல் முழுவதும் இளஞ்சிவப்பாகியிருந்தது. அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் மீண்டும் நீலமாகும். அதைச் செய்யவும் ஆள் இல்லை. ராமன் விளைவும் அகச்சிவப்பு நிறமாலையும் மூலக்கூறின் அதிர்வுகளைத்தான் காட்டுகின்றன என்று அன்றைய பேச்சாளர்கள் தவறாமல் சொல்கிறார்கள். ராமனே இன்று விண்ணப்பித்திருந்தால் எந்தத் துறைக்கு அனுப்பியிருப்பீர்களோ!

மன்னிக்கவும், வரம்பு மீறிவிட்டேன். இந்தக் கருவி என் அக்காவைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு வேண்டிய ஆய்வு இன்னும் நடக்கவில்லை. ஆய்வு நடந்து, பயனில்லை என்று முடிவு வந்தாலும் அதை எங்கள் பெயரிலேயே வெளியிடுவோம் என்று விண்ணப்பத்தின் இறுதிப் பக்கத்தில் உறுதியளித்திருக்கிறோம்.

ஆகவே, சினைப்பைக் கட்டி ஐயத்தோடு வரும் பெண்களின் இரத்தத்தில் சில துளிகளைச் சேமித்து, பல மருத்துவமனைகளில் ஒரே முறையில் ஆராய்வதற்கான எங்கள் விண்ணப்பத்தை அடுத்த கூட்டத்தில் மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளுமாறும், இயற்பியலாளர் ஒருவரும் மகளிர் புற்றுநோய் மருத்துவர் ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்து அதைப் படிக்க ஏற்பாடு செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விளக்கம் தேவையென்றால் அழைத்த நாளில் என் சொந்தச் செலவில் வருகிறேன். வரும்போது பதினோராம் பக்கத்தின் பிரதிகளையும் எடுத்து வருவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியை ஒருவர்