அண்ணனைக் கேட்டுச் செய், தம்பி

அன்புள்ள தம்பி,

அண்ணனுக்கு அடுத்த வாரம் டிஸ்சார்ஜ், வீட்டில் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். உன் நிலையில் இருக்கும் வேறு சிலருக்கும் உதவும் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். உங்கள் பெயர் எதையும் போடவில்லை.

பொருள் பட்டியலை நான் தரப்போவதில்லை. கட்டில், மெத்தை, வீல்சேர், அதன் குஷன் எல்லாவற்றையும் பிசியோதெரபிஸ்ட் அண்ணனை அளவெடுத்துச் சொல்வார். அதைத்தான் வாங்க வேண்டும். நான் எழுத நினைத்தது வேறு.

அண்ணனுக்குக் கழுத்தில் அடி. கால்களும் விரல்களும் வேலை செய்யவில்லை. மூளை முன்பு போலவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் இத்தனை நாள் அவருடைய உடம்பை மற்றவர்கள்தான் நடத்தினார்கள். எப்போது புரட்டிப் படுக்க வைப்பது, எப்போது யூரினுக்கு டியூப் போடுவது எல்லாமே வேறு யாரோ பார்த்த கடிகாரப்படி. வீட்டிலும் அதே போல, அந்தக் கடிகாரம் உன் கைக்கோ அம்மா கைக்கோ மாறினால், அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவதை நிறுத்திவிடுவார். எனக்கும் அவரைப் போலவே கழுத்தின் ஆறாவது எலும்பு மட்டத்தில்தான் அடி என்பதால் இதைச் சொல்கிறேன். நீ அவருக்குக் கையாக இரு. என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும்.

அதற்கு அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன் நர்ஸ் உனக்கு ஒவ்வொன்றையும் காட்டிக்கொடுக்கும்போது அண்ணனும் கவனிக்கட்டும். அப்புறம் அவரை வாயால் சொல்லச் சொல்லி, அவர் சொல்வதை மட்டும் நீ செய்து பார். எதுவுமே தெரியாத ஒருவரை வைத்து, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறும் வேலையை அவரே சொல்லி முடிக்கிற அளவுக்கு வர வேண்டும். பிரேக் போட்டாயா, கால் தட்டை ஒதுக்கினாயா, அக்குளில் பிடித்துத் தூக்காதே, தோள் கழன்றுவிடும். இதெல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

முதலில் தோல். ஓரிடத்தில் அழுத்தம் தொடர்ந்து விழுந்தால் அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கி, தசை செத்துப்போகும். நாம் எல்லோரும் தூக்கத்தில்கூடப் புரள்வது அதைத் தவிர்க்கத்தான். அண்ணனுக்கு அந்த உறுத்தல் மூளைக்குப் போவதில்லை. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கியபோது, இப்படிப்பட்டவர்கள் பிழைக்கமாட்டார்கள் என்றே பல மருத்துவர்கள் நினைத்தார்கள். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் அவர்களைக் கொன்றன. குட்மன் இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் புரட்டிப் போடச் சொன்னார். அப்படிப் பிழைத்தவர்களை 1948-இல் வில்வித்தைப் போட்டியில் இறக்கினார். இன்றைய பாராலிம்பிக்ஸ் அங்கிருந்து வளர்ந்ததுதான். புண் வராமல் பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்காகச் சொன்னேன்.

படுக்கையில் ஆரம்பத்தில் அதே இரண்டு மணி நேரக் கணக்குதான். தோல் தாங்குகிறது என்று தெரிந்த பிறகு டாக்டரைக் கேட்டு இடைவெளியைக் கூட்டலாம். வீல்சேரில் அரை மணிக்கு ஒருமுறையாவது முன்னால் சாய்ந்தோ நாற்காலியைப் பின்னால் சாய்த்தோ இரண்டு நிமிடம் எடையை மாற்ற வேண்டும். அதற்கான அலாரம் அவருடைய ஃபோனில் அடிக்கட்டும், உன்னுடையதில் வேண்டாம். காலையும் இரவும் அடிமுதுகு, உட்காரும் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் எல்லாவற்றையும் பார். சிவந்த இடத்தை விரலால் அழுத்து. வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் எடை விழவே கூடாது. கருந்தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. நிறம் மாறியிருக்கிறதா, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பார்த்ததைப் படமெடுத்து அண்ணனிடம் காட்டு. தன் முதுகில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேறு வழியில்லை. நடுவில் ஓட்டை உள்ள வளையக் குஷனை யாராவது அன்பாக வாங்கி வருவார்கள். நன்றி சொல்லி வாங்கி மூலையில் போடு; அது ஓட்டையைச் சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

யூரின் விஷயம். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு எடுத்துவிடும் முறையைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வீட்டில் அறுவைச் சிகிச்சை அறை மாதிரிச் சுத்தம் வேண்டுமோ என்று பயப்படாதே. சோப்புப் போட்டுக் கழுவிய கையும் சுத்தமான டியூபும் போதும் என்று 1972-லேயே ஜாக் லாபிடஸ் என்ற மருத்துவர் காட்டிவிட்டார். உடம்புக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையில் 500 மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது, அவ்வளவுதான். டியூப் போடும் வேலையைக் குறைக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கலாமா என்று அண்ணன் கேட்பார், எல்லோரும் கேட்கிறோம். கூடாது. குடிக்கும் நேரத்தை மாற்றலாம்.

மோஷனுக்குத் தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள், ஒரே நேரம். சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டால் வேலை சுலபம். இதை யார் செய்ய வேண்டும் என்று அண்ணனைக் கேட்டாயா? கேட்காமல் அம்மா செய்யத் தொடங்கினால் அவர் மறுக்கமாட்டார், ஆனால் உள்ளுக்குள் கூசிப்போவார். வெளியாள் ஒருவர் செய்வதே மேல் என்று அவர் சொல்லலாம். சொன்னால் அம்மா வருத்தப்படுவார், பரவாயில்லை. யார் செய்தாலும் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

இப்போது எழுதுவதைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டு. மார்புப் பகுதியின் ஆறாவது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. கழுத்து அதற்கும் மேலே என்பதால் அண்ணனுக்கும் உண்டு. சிறுநீர்ப்பை நிறைந்தோ, டியூப் மடங்கியோ, குடல் அடைத்தோ, எங்காவது நகம் குத்தியோ இருந்தால் அவர்களுக்கு அது தெரியாது. ஆனால் காயத்துக்குக் கீழே ரத்தக் குழாய்கள் இறுகி பிபி ஏறிவிடும். இறக்கச் சொல்லி மூளை தரும் உத்தரவு காயத்தைத் தாண்டி இறங்காது. தலை வெடிப்பது போல வலி, முகம் சிவப்பு, நெற்றியில் வியர்வை. உடனே கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தக் கசிவு வரை போகும்.

மயக்கமோ என்று நினைத்து எல்லோரும் படுக்க வைப்பார்கள். கூடாது! நிமிர்த்தி உட்கார வை, காலைத் தொங்கவிடு, பெல்ட், இறுக்கமான உடை எல்லாவற்றையும் தளர்த்து. அப்புறம் முதலில் சிறுநீர்ப்பை, பிறகு குடல், பிறகு தோல், நகம், துணி மடிப்பு என்று காரணத்தைத் தேடு. பெரும்பாலும் யூரின்தான். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிபி பார். காரணம் கிடைக்காவிட்டாலோ, பிபி இறங்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. அங்கே ஒரு சங்கடம் வரும். எங்களுக்குச் சாதாரணமாகவே மேல் அளவு 90 முதல் 110 வரைதான் இருக்கும். 140 என்று பார்த்துவிட்டு, இந்தக் காயத்தோடு பழக்கமில்லாத டாக்டர் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடலாம். அண்ணனின் வழக்கமான பிபியையும் காய மட்டத்தையும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கு. அவரும் வாய்விட்டுச் சொல்லக் கற்றுக்கொள்ளட்டும்.

உடற்பயிற்சியில் ஒன்றே ஒன்று. மணிக்கட்டை மேலே தூக்கினால் அண்ணனின் விரல்கள் தாமாகவே மடங்கும், கவனித்திருப்பாய். அந்த இறுக்கத்தில்தான் அவர் நாளைக்கு ஸ்பூன் பிடிப்பார், ஃபோன் எடுப்பார். அன்பு மிகுந்த உறவினர்கள் விரலை நீட்டி நீட்டி விடுவார்கள். மணிக்கட்டும் விரல்களும் ஒரே நேரத்தில் பின்னால் வளையும்படி நீட்டக் கூடாது. நீட்டினால் அந்தப் பிடி போய்விடும், திரும்ப வராது. இந்தக் கடிதத்தை எழுதும் குச்சியையே அப்படித்தான் எடுத்தேன்.

சின்னச் சின்னதாக: குளிக்கும் தண்ணீரை உன் முழங்கையால் பார்த்துவிட்டு ஊற்று. சூடான லேப்டாப் மடியில் வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தேய்த்துவிடாதே, ரத்தக்கட்டியாக இருக்கலாம், டாக்டரைப் பார். சளி கட்டினால் அவரால் பலமாக இருமி வெளியேற்ற முடியாது. இருமும்போது வயிற்றில் கைவைத்து அழுத்தி உதவும் முறையைக் கேட்டுக் கற்றுக்கொள். கால்கள் திடீரென்று வழக்கத்துக்கு மேல் தாமாகவே வெட்டி இழுத்தால் எங்கோ ஏதோ சரியில்லை என்று பொருள்.

அப்புறம் நீ. வேலையை விடப்போவதாக எழுதியிருந்தாய். இப்போது முடிவு செய்யாதே. இன்னொருவருக்காவது இந்த வேலை முழுதும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் உனக்குக் காய்ச்சல் வந்தாலே வீடு நின்றுவிடும். அண்ணன் சொல்லிக்கொடுக்கப் பழகிவிட்டால் புதிய ஆளைப் பழக்குவது சுலபம். வீட்டில் நீ எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும் என்பதையும் அவரோடு சேர்ந்தே முடிவு செய்.

அண்ணியோடு இனி எப்படி வாழ்வது, குழந்தை பெற முடியுமா, ராத்திரியில் மனசு எங்கே போகிறது, இதையெல்லாம் உனக்கு எழுதமாட்டேன். அவர் உன்னிடம் கேட்கவும் மாட்டார். இதைப் படித்ததும் ஸ்பீக்கரில் எனக்கு ஃபோன் போட்டு அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, நீ வெளியே ஒரு நடை போய் வா.

அன்புடன்,
பக்கத்து வார்டு அண்ணன்