ராட்டினக்காரர்களும் ரோமானியரும்

ஆசிரியருக்கு,

பிரிட்டனின் பொருட்காட்சிகள் பற்றிய ஞாயிறு கட்டுரையில், ராட்டினம் போடுகிறவர்கள் எல்லோரையும் 'ஜிப்சிகள்' என்று எழுதியிருந்தது வருத்தம் தந்தது. ஜிப்சிகள் எனப்படும் ரோமானியர் (Romani; ரோம் நகரத்தாரோ ருமேனிய நாட்டவரோ அல்லர்) வேறு சமூகம்; அவர்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து சென்றவர்கள். அவர்கள் மொழியில் இன்றும் நம் நாட்டுச் சொற்கள் இருக்கின்றன. ராட்டினங்களோடு ஊர் ஊராகச் செல்லும் காட்சித் தொழிலாளர்களோ (showmen) பல தலைமுறைகளாகத் தொழிலால் ஒன்றான சமூகம்.

1880களில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர், இரு தரப்பினரும் வசித்த சக்கர வீடுகள் அனைத்தையும் பதிவு செய்து சோதனையிடச் சட்டம் கேட்டார். அதை எதிர்க்கவே 1889இல் காட்சித் தொழிலாளர்கள் சங்கம் கண்டார்கள். மசோதா தோற்றது. ஆனால் 'நாங்கள் ஜிப்சிகள் அல்லர்' என்பதும் அவர்களுடைய வாதமாக இருந்தது. ஒரே அச்சுறுத்தலுக்கு ஆளான இருவரில் ஒருவர் மட்டும் விலகிக்கொண்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அந்த விலகலுக்கு விலையும் இருந்தது. ஜிப்சிகளுக்கு உள்ளாட்சிகள் தங்குமிடம் தர வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம், காட்சித் தொழிலாளர்களை அந்த வரையறையிலிருந்தே நீக்கியது. குளிர்காலத்தில் ராட்டினங்களை நிறுத்த இடமின்றி அவர்கள் இன்றும் நிலத்தைப் பயன்படுத்துவதற்கான திட்ட அனுமதிக்கு அலைகிறார்கள். ரோமானியருக்கும் அதே அலைச்சல்தான்.

இத்தனைக்கும் பொருட்காட்சித் திடலில் இரு தரப்பினரும் ஒருவருக்கொருவர் அந்நியர்கள் அல்லர். ரோமானியப் பெண்கள் அங்கே குறி சொன்னார்கள். இரு தரப்புக்கும் இடையே திருமண உறவுகளும் உண்டு.

ஸ்காட்லாந்தின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனக்குழு பற்றிய கேள்வியில் காட்சித் தொழிலாளர்கள் குறியிடத் தனிக் கட்டம் கிடைத்தது. உங்கள் பத்திரிகையும் அவரவரை அவரவர் பெயரால் குறிப்பிட்டு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், திருச்சி