24-ஐயும் கொஞ்சம் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாளான தேசியக் கணித தினம் வந்தாலே நம் பத்திரிகைகளில் 1729 வந்துவிடும். உங்கள் ஞாயிறு இணைப்பிலும் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ராமானுஜன், பார்க்க வந்த கணித அறிஞர் ஹார்டி, அவர் வந்த லண்டன் டாக்சியின் எண் 1729, இரண்டு கனங்களின் கூட்டலாக இரு விதமாக எழுத முடிகிற மிகச் சிறிய எண் அது, எல்லாம் சரி. அழகான எண்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு வேலையும் ஆகாது. ராமானுஜனைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு தடவையாவது 24-ஐத் தொட வேண்டும் என்பது என் வெகுநாள் ஆதங்கம்.

நகைக்கடையிலிருந்தே தொடங்கலாம். சுத்தத் தங்கம் 24 காரட். ஆபரணத் தங்கம் 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி வகையறா. 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.9166... வளையலின் உள்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் 916 அதுதான். 18 காரட்டுக்கு 750. ஆக, 8 கிராம் எடையுள்ள ஒரு சவரன் நகையில் தங்கம் சுமார் 7.33 கிராம். நாமோ செய்கூலி, சேதாரத்துக்கு மல்லுக்கட்டிவிட்டு இந்தக் கணக்கை விட்டுவிடுகிறோம்.

நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம். பழைய கணக்கில் நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். இப்படித் திருப்பிப் போட்டாலும் 24 நிற்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் காட்டுவது வேறொன்று. 5 அல்லது அதற்கு மேற்பட்ட எந்தப் பகா எண்ணையும் வர்க்கப்படுத்தி 1-ஐக் கழித்தால் 24-ஆல் மீதியின்றி வகுபடும். 29-ஐ எடுங்கள்: 841, ஒன்று போனால் 840, அதாவது 24 × 35. காரணம் எளிது. பகா எண்ணுக்கு முன்னும் பின்னும் இருப்பவை அடுத்தடுத்த இரட்டை எண்கள். அவற்றைப் பெருக்கினால்தான் இந்த விடை வருகிறது (28 × 30 = 840). அவற்றில் ஒன்று 4-ஆல் வகுபடும், எனவே பெருக்கல் பலன் 8-ஆல் வகுபடும். அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று 3-இன் மடங்கு, அது பகா எண்ணாக இருக்க முடியாது. அப்புறம் என்ன, 8 × 3.

1 முதல் 24 வரையுள்ள எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 4900, அதாவது 70-இன் வர்க்கம். 1-ஐ விட்டால் இப்படி அமைவது 24 மட்டுமே. இதை 1918-இல் நிரூபித்த ஆங்கிலேயக் கணித அறிஞர் வாட்சன்தான் பின்னாளில் ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களோடு பல வருடம் உட்கார்ந்தவர்.

இனி ராமானுஜன். (1−x), (1−x²), (1−x³) என்று முடிவில்லாமல் பெருக்கி, அதை 24-ஆம் அடுக்குக்கு உயர்த்தி, x-ஆல் பெருக்கி விரித்தால் வரும் கெழுக்களை (x-இன் அடுக்குகளுக்கு முன் நிற்கும் எண்களை) 1916-இல் அவர் ஆராய்ந்தார்: 1, −24, 252, −1472, 4830, −6048... இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கினால் ஆறாவது கிடைக்கிறது. பொதுக் காரணி இல்லாத எந்த இரு இடங்களுக்கும் இப்படி நடக்கும் என்று அவர் ஊகித்ததை மறு வருடமே கணித அறிஞர் மார்டெல் நிரூபித்தார். கெழுக்கள் எவ்வளவு பெரிதாகலாம் என்ற இன்னொரு ஊகம் 1974-இல் டெலீன் என்ற கணித அறிஞர் கையில்தான் முடிந்தது. டாக்சி எண் பேச்சோடு பேச்சாக வந்தது. இதுவோ அவர் உட்கார்ந்து செய்த வேலை.

அடுத்த டிசம்பரில் 1729-க்கு ஒதுக்கும் இடத்தில் பாதியை இதற்குத் தாருங்கள். அந்த ஆறு கெழுக்களைக் கட்டம் போட்டு அச்சிட்டாலே போதும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை (ஓய்வு),
மன்னார்குடி.