பாசம் மட்டும் போதல, பழகுன ஆள் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நாங்க தங்கச்சிமடம் பக்கம். அம்மாவுக்கு 78 வயசு, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் வெளங்கல, அண்ணன் மீன்பிடி போட்டுக்கு போயிருவாரு, நா ஒருத்திதான், பாசமா பாத்துக்கிட்டா போதும்னு நெனச்சு ஒரே வாக்குல படுக்க வச்சதுல இடுப்புல ஒரு ரூபா அளவுக்கு புண்ணு, சேலைய வெலக்கி பாத்துட்டு அழுதுட்டேங்க. அப்பறம் அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோ பாக்குற பொண்ணு வீட்டுக்கே வந்து, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பி போடணும், கெண்டக்காலுக்கு கீழ தலகாணி குடுத்து குதிகால் பாய்ல படாம வைக்கணும், கஞ்சிய நிமுத்தி உக்கார வச்சுதான் குடுக்கணும்னு என் கையப் புடிச்சு பழக்கி விட்டுச்சு. நல்லா இருக்கணும் அந்த புள்ள.

2021லயே வந்த திட்டம், எங்க தெருவுல பாதி பேருக்கு தெரியல. முதியோருக்குன்னு 14567ன்னு உதவி போன் நம்பர் இருக்கு, காசில்லாம பேசலாம், அதுவும் தெரியல. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் மாத்திரை, பென்சன், மாற்றுத்திறனாளி அட்டைன்னு எல்லாத்துக்கும் வழி சொல்ல ஒரே ஒரு ஆள போடுங்க, பாம்பன்லேருந்து தொண்டி வரைக்கும் கடலுக்கு போற வீட்டுல எல்லாம் பொம்பளைங்க தனியாதான் பெரியவங்கள தூக்கி, திருப்பி பாத்துக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மக, தங்கச்சிமடம்