தீக்குச்சி எரிந்து முடிவதற்குள்: தமிழ்ச் சங்க இளைஞர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களில் இளைஞர் நிகழ்ச்சிகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மூன்று வருடத்துக்கு முன்பு, நீங்கள் கோடையில் நடத்தும் கல்லூரி வழிகாட்டிக் கூட்டம் ஒன்றுக்கு என் மகளை அழைத்து வந்திருந்தேன். படிப்புக் கடன், விடுதி, பாடப்பிரிவு மாற்றுவது என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்கள். கடைசியில் ஒரு பையன் எழுந்து ஃபிரட்டர்னிட்டி, சொராரிட்டி பற்றிக் கேட்டான். கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொள்ளும் கல்லூரி மாணவர் சங்கங்கள் அவை; முதலாவது ஆண்களுக்கு, இரண்டாவது பெண்களுக்கு. "அதெல்லாம் குடிகாரக் கூட்டம் தம்பி, அந்தப் பக்கமே போகாதீங்க" என்று சொல்லிவிட்டு மேடையில் இருந்தவர் மைக்கைக் கீழே வைத்தார். பெற்றோர் எல்லாரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன்.

என் மகள் அந்தப் பக்கம் போனாள். ஒரு வருடம் எங்களிடம் சொல்லவில்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது, துவைக்கப் போட்ட ஜாக்கெட்டில் குத்தியிருந்த, சங்கத்தின் சின்ன ஊசிப் பதக்கத்தைப் பார்த்து என் மனைவி கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது. அழுகை, சத்தம், அப்புறம் மௌனம். எல்லாம் ஓய்ந்த பிறகு அவளே பூஜை அலமாரியில் இருந்த தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்தாள். அது விரலைச் சுடும் முன் ஆல்ஃபாவில் தொடங்கி ஒமேகா வரை 24 கிரேக்க எழுத்தையும் ஒப்பித்து முடித்தாள். சேர்ந்தவர்கள் எல்லாரும் விளையாட்டாகச் செய்வதாம். அ, ஆ, இ, ஈ சொல்லிக்கொடுக்கப் பத்து வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்குக் கார் ஓட்டியவன் நான். இன்றும் ஔவுக்கு முன்னால் அவள் ஒரு நொடி தயங்குவாள். என் வயிற்றெரிச்சலை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அந்தப் பதக்கத்தில் இருப்பது என்ன என்று படிக்கத் தொடங்கினேன். படித்த பிறகு, நான் அன்று கைதட்டியது தப்பு என்று தோன்றியது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் ஃபை பீட்டா கப்பா. 1776 டிசம்பர் 5, வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க். அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து ஐந்தே மாதம் ஆகியிருந்தது. வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஐந்து மாணவர்கள் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே அங்கே லத்தீன் எழுத்துகளைப் பெயராக வைத்த குழுக்கள் இருந்தன. இவர்கள் கிரேக்கத்துக்குப் போனார்கள். 'ஞானத்தின் மீதுள்ள பற்றே வாழ்வின் வழிகாட்டி' என்ற பொருளுடைய கிரேக்கத் தொடரின் முதலெழுத்துகள்தான் அந்த மூன்றும். ரகசியக் கைகுலுக்கல், உறுதிமொழி, பதக்கம் எல்லாமே அங்கேயே இருந்தன. கூடியது ராலே என்ற மதுவிடுதியின் அறையில் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. (மேடையில் பேசிய அண்ணன் இதைக் கேட்டால் "நான் அப்பவே சொன்னேனே" என்பார்.) ஆனால் உள்ளே செய்தது விவாதமும் கட்டுரை வாசிப்பும்தான். பேராசிரியர் காதில் விழாமல் நினைத்ததைப் பேச வேண்டும், அதற்காக ஒரு பூட்டிய கதவு. இன்று அது நல்ல மதிப்பெண் எடுப்பவர்களுக்குக் கிடைக்கும் கௌரவம். அதில் சேர நம் பிள்ளைக்கு அழைப்பு வந்தால் நாமே வாட்ஸ்அப்பில் நாலு குழுவுக்கு அனுப்புவோம்.

இன்று நாம் பார்க்கும் ஃபிரட்டர்னிட்டி வகை நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் பிறந்தது. 1825இல் கப்பா ஆல்ஃபா, 1827இல் சிக்மா ஃபை, டெல்டா ஃபை. அந்தக் காலத்துக் கல்லூரி என்பது விடியற்காலை வழிபாடு, மனப்பாடம், ஒப்பித்தல், அபராதம். அந்த இறுக்கத்துக்குள் பையன்கள் தங்களுக்கென்று ஒரு மூலை தேடினார்கள். நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததாலேயே இன்னும் வளர்ந்தது.

இந்த இழுபறியில் எனக்குப் பிடித்த கதை ஒஹையோவின் மயாமி பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1848 ஜனவரியில் மாணவர்கள் பெரிய பெரிய பனி உருண்டைகளை உருட்டி வந்து முதன்மைக் கட்டடத்தின் வாசலை அடைத்துவிட்டார்கள். வகுப்பு நடக்கவில்லை. தலைவர் மாக்மாஸ்டர் கொதித்துப்போய்ப் பலரை வெளியேற்றினார். ஏற்கெனவே இருந்த சங்கங்கள் அதில் ஆட்டம் கண்டன. அதே வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆறு பேர் கூடி ஃபை டெல்டா தீட்டாவைத் தொடங்கினார்கள். ஒன்றை மூடினால் இன்னொன்று முளைத்தது. "போகாதே" என்ற ஒற்றைச் சொல்லுக்கு அப்போதே கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

பெண்கள் கதை வேறு மாதிரி. ஜார்ஜியாவின் மேக்கன் நகரத்துப் பெண்கள் கல்லூரியில் 1851இலும் 1852இலும் இரண்டு சங்கங்கள் வந்துவிட்டன. ஆனால் ஆண்களோடு சேர்ந்து படித்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு பெட்டி லாக்கைப் பார்க்க வேண்டும். இண்டியானா ஆஸ்பரியில் (இன்றைய டிபா பல்கலைக்கழகம்) பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1867இல். பேராசிரியர் ஒருவரின் மகளான பெட்டியிடம் ஃபை காமா டெல்டா பையன்கள் வந்து, எங்கள் பதக்கத்தை நீ அணிந்துகொள் என்றார்களாம். உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டால் அணிகிறேன் என்றாள் அவள். அது முடியாது என்று சொல்லிவிட்டு, சமாதானமாக ஒரு வெள்ளிக் கேக் கூடையைப் பரிசாகக் கொடுத்தார்கள். கூடையை வாங்கிக்கொண்ட பெட்டி 1870 ஜனவரி 27 அன்று மூன்று தோழிகளோடு கப்பா ஆல்ஃபா தீட்டாவைத் தொடங்கினாள். சொராரிட்டி என்ற சொல்லே அப்போது புழக்கத்தில் இல்லை. அதை சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு லத்தீன் பேராசிரியர் காமா ஃபை பீட்டா பெண்களுக்காகப் பின்னால் உருவாக்கிக் கொடுத்தார்.

அந்தக் கேக் கூடையை என்னால் மறக்க முடியவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு தொடங்கிய பல சங்கங்களின் வரலாற்றிலும் ஏதோ ஒரு வடிவில் ஒரு கூடை இருக்கிறது. கதவு திறக்காதவர்கள் தங்களுக்கென்று ஒரு வீடு கட்டினார்கள். 1898இல் நியூயார்க்கில் யூத மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு பின்னால் ஜீட்டா பீட்டா டாவ் ஆனது. 1906 டிசம்பர் 4 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் அவர்கள் அங்கே இருந்தார்கள், அதிலும் சிலர் படிப்பைப் பாதியில் விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிக்கவே அந்தச் சங்கம். மார்ட்டின் லூதர் கிங் பிற்பாடு அதில் உறுப்பினர். 1913 ஜனவரியில் வாஷிங்டனின் ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் 22 கறுப்பினப் பெண்கள் தொடங்கிய டெல்டா சிக்மா தீட்டா, ஏழே வாரத்தில், மார்ச் 3 அன்று, வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தது. அதுதான் அவர்களுடைய முதல் பொது நிகழ்ச்சி.

அம்மா வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸுக்காகப் பூஜை செய்து பட்டாசு வெடித்ததை நம் சங்கங்கள் கொண்டாடின அல்லவா? அதே ஹோவார்டில் 1908இல் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் அவர் மாணவியாக இருந்தபோது சேர்ந்தவர். தேர்தல் நேரத்தில் அந்தச் சகோதரிகள் எப்படித் திரண்டார்கள் என்று நாடே பார்த்தது. நாம் பாட்டி வீட்டுப் பக்கத்தை மட்டும் பார்த்தோம்.

இனி கசப்பான பக்கம். பல வெள்ளையர் சங்கங்கள் யாரைச் சேர்க்கக் கூடாது என்பதை விதியாகவே எழுதி வைத்திருந்தன. 1948இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்டதும், தேசிய அமைப்பு அந்தக் கிளையையே வெளியே தள்ளியது. சேர்த்துக்கொண்ட பிள்ளைகளைத்தான் நான் பாராட்டுவேன். நம் ஊர்ப் பிள்ளைகள் இந்த வரிசைக்குத் தாமதமாக வந்தவர்கள். 1994இல் பிங்ஹாம்டனில் அயோட்டா நூ டெல்டா, 1998இல் ஆஸ்டினில் டெல்டா எப்சிலன் சை என்று தெற்காசிய மாணவர்கள் தொடங்கியவை எல்லாம் முப்பது வயதை ஒட்டியவைதான்.

நம்மாட்கள் நடத்துவது, அதனால் பயமில்லை என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது. 1873இல் கார்னெலில் கப்பா ஆல்ஃபாவில் சேர வந்த ஒரு மாணவன், இரவுச் சடங்கின்போது மலைச்சரிவில் விழுந்து இறந்தான். 140 வருடம் கழித்து, 2013இல், ஆசிய அமெரிக்க மாணவர்களுடைய ஒரு சங்கத்தின் சடங்கில் நியூயார்க்கைச் சேர்ந்த முதலாண்டு மாணவன் ஒருவன் பென்சில்வேனியாவில் உயிரிழந்தான். நம் ஊரில் ராகிங் என்கிறோம், இங்கே ஹேசிங். 2024 டிசம்பரில்தான் கல்லூரிகள் இத்தகைய சம்பவங்களை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. எந்தச் சங்கத்தின் பெயர் எத்தனை முறை வந்திருக்கிறது என்று பெற்றோர் பார்க்கலாம். இதை உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்லியிருக்கிறீர்களா?

இந்த இடத்தில்தான் வரலாறு பிள்ளைகளின் கைக்கு உதவும் என்று நினைக்கிறேன். நள்ளிரவில் ஒருவன் வந்து "குடி, இது நம் பாரம்பரியம்" என்று சொன்னால், நம் பிள்ளை ஒரு கேள்வி கேட்கலாம்: கார்னெலின் அந்த ஏழு பேரை யார் ராகிங் செய்தார்கள்? பெட்டி லாக்கை யார் முழங்காலில் நிற்க வைத்தார்கள்? அவர்களுக்கு முன்னால் யாருமே இல்லை. ஒரு உறுதிமொழி எடுத்தார்கள், அவ்வளவுதான். என் மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்பா, இதை ரஷ் வாரத்துக்கு முன்னாடி யாராவது சொல்லியிருக்கலாம்" என்றாள். சங்கங்கள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வாரம் அது. எதற்காக அப்படிச் சொன்னாள் என்று நான் துருவவில்லை. அவளாகச் சொல்லட்டும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். இந்தக் கோடைக் கூட்டத்தில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் சேர்ந்து படித்த பிள்ளை ஒருத்தரையும், சேர்ந்துவிட்டு விலகிய பிள்ளை ஒருத்தரையும் பேச விடுங்கள். பெற்றோர் முன்வரிசையில் இல்லாமல் பின்வரிசையில் உட்காரட்டும். பேச ஆள் இல்லை என்றால் என் மகள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். தீப்பெட்டியை நான் எடுத்து வருகிறேன். மண்டபத்தில் புகை எச்சரிக்கை மணி எங்கே இருக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

அன்புடன்,
அன்று கைதட்டிய ஒரு தகப்பன்