ட்ரோன் காகிள்ஸ்ல ஒண்ணு தோப்புக்காரன் கண்ணுல இருக்கோணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

உங்க பேப்பர்ல ட்ரோன் பத்தி அடிக்கடி செய்தி வருதுங்க, ஒண்ணு கல்யாணத்துல திருவிழாவுல படம் புடிக்கற ட்ரோனா இருக்கும், இல்லீன்னா வயல்ல மருந்தடிக்கற ட்ரோனா இருக்கும், பெரிய அதிகாரிங்க நின்னு ரிமோட்டைப் புடிச்சிருக்கற போட்டோவோட. ஆனா மேல போற ட்ரோன் என்னத்தப் பாக்குதோ அதை அந்த நிமிசமே கண்ணுல மாட்டிக்கிட்டுப் பாக்கற காகிள்ஸ் இருக்குது பாருங்க, அதைப் பத்தி ஒருத்தரும் எழுதக் காணோம். காலேஜ் பசங்க ரேஸ் உடற சாமான்னு நெனச்சு உட்டுட்டாங்களாட்ட இருக்குது. நான் ஆனைமலைப் பக்கம் தென்னை வெச்சிருக்கற ஆளுங்க. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், தோப்பைப் பாக்கறேன்னு காசு வாங்கிட்டு ட்ரோன் கொண்டு வர்றவங்க ரெண்டு காகிள்ஸ் கொண்டு வரோணும், அதுல ஒண்ணு தோப்புக்காரன் கண்ணுல இருக்கோணும்.

தெரியாதவங்களுக்கு சொல்லிப்போடறனுங்க. தலைக்குப் பின்னால பட்டை போட்டு மாட்டற ஒரு பொட்டி அது, உள்ள ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா சின்ன ஸ்கிரீனும் லென்ஸும் இருக்கும், வெளி வெளிச்சம் உள்ள வராது. ட்ரோன் மூக்குல இருக்கற கேமரா படத்தை ரேடியோவுல அனுப்புது, பெரும்பாலும் 5.8 ஜிகாஹெர்ட்ஸ்ல, காகிள்ஸ் அதைப் புடிச்சுக் காட்டுது. எஃப்பிவின்னு பசங்க சொல்றது இதைத்தான். படம் கேமராவுல இருந்து கண்ணுக்கு வர்றதுக்கு நல்ல டிஜிட்டல் செட்டுல ஒரு நொடியை ஆயிரமா பங்கு போட்டா அதுல 30 பங்கு அளவுதான் ஆகுது, அதனாலதான் ரெண்டு மட்டைக்கு நடுவுல பூந்து வெளிய வர முடியுது. செல்போன்ல பாத்தா இருக்கற தாமதத்துக்கு அது ஆகாதுங்க, போதாக்குறைக்கு நம்மூரு பதினோரு மணி வெயில்ல போன் ஸ்கிரீன்ல நம்ம மூஞ்சிதான் தெரியும்.

என்ற தங்கச்சி பையன் கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கறான், முழு ட்ரோன் வெளிநாட்டுல இருந்து இறக்குமதி பண்றதுக்கு 2022 பிப்ரவரியில இருந்து தடை, உதிரி பாகத்துக்குத் தடை இல்லை, அதனால மோட்டார், கேமரா, போர்டுன்னு தனித்தனியா வாங்கி அவனே சால்டரிங் வெச்சு ஒண்ணு பண்ணிட்டான். ரெக்கையைச் சுத்தி வளையம் போட்ட சின்ன ட்ரோன், மட்டையில இடிச்சாலும் ரெக்கை சட்டுனு ஒடையாது. லீவுக்கு வந்தப்ப தோப்புல உட்டான். அவன் ஒரு காகிள்ஸ், அவன் சிநேகிதனோடது இன்னொண்ணு இருந்துச்சு, அதை எனக்கு மாட்டி உட்டான். சாளைத் திண்ணையில உக்காந்துக்கிட்டேன், நின்னுக்கிட்டுப் பாத்தா தலை கிறுகிறுன்னு வருதுங்க.

மரம் மேல ஏறறதுக்கு ஆள் கெடைக்கறது இப்ப எவ்வளவு கஷ்டம்னு நம்ம பக்கத்துல யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தேங்கா போட வர்றவரு காயைப் போட்டுட்டு அடுத்த மரத்துக்குப் போயிருவாரு, அவரைப் போய் கொண்டையில என்ன இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்கன்னு நிறுத்தி வெக்க முடியுமா. நானும் நாப்பது வருசமா கீழ நின்னு அண்ணாந்து பாத்தே பண்ணையம் பண்ணினவன். அன்னைக்குத்தான் பாளை விரியறதை, குரும்பை ஒட்டியிருக்கறதை, மேல இருந்து நேர் கண்ணுல பாத்தேன். பையன் பாட்டுக்கு சர்ருன்னு போயிட்டே இருக்கான், "சாமி நில்லு, பின்னால வா, அந்தக் குருத்துகிட்ட போ"ன்னேன். "எது மாமா, எல்லாம் பச்சையாத்தான இருக்குது"ங்கறான். விரிஞ்ச ஓலை கத்திரியில வெட்டுன கணக்கா வி மாதிரி வெட்டுப்பட்டு நிக்குது, காண்டாமிருக வண்டு குருத்துல பூந்து தின்னது, ஓலை விரியறப்பத்தான் அந்த வெட்டு தெரியும். அது அவன் கண்ணுக்கு ஒண்ணுமே படலைங்க. படாது, அவன் மேல தப்பில்லை, அவன் கண்ணெல்லாம் அடுத்த மட்டையில இடிக்காம எப்படிப் போறதுங்கறதுலதான் இருக்குது.

அப்பறம் அடி மட்டைக்குக் கீழ பூந்து கேமரா மேல பாக்கற மாதிரி நிறுத்தச் சொன்னேன். அங்கதான் இருக்குது விசயம். சுருள் வெள்ளை ஈ நம்ம நாட்டுல மொதமொதல்ல தட்டுப்பட்டதே 2016ல நம்ம பொள்ளாச்சியிலதான், அது இருக்கறது ஓலையோட அடிப்பக்கம், சுருள் சுருளா வெள்ளை மெழுகு போட்டு முட்டை வெச்சிருக்கும். அது ஒழுக்கற தேனாட்டம் பிசுபிசுப்பு கீழ் மட்டை மேல விழுந்து அதுலதான் கரும்பூசணம் புடிக்குது. மேல இருந்து படம் எடுக்கற ட்ரோனுக்கு அந்தக் கருப்பு தெரியும், ஈ தெரியாது. கீழ இருந்து பாத்தப்ப ஈயும் தெரிஞ்சுது, அதுக்கு நடுவுல கருப்பா மாறிப்போன கூட்டுப்புழுவும் கொஞ்சம் தெரிஞ்சுது. அந்தக் கருப்பு நல்ல சேதிங்க, என்கார்சியாங்கற சின்ன குளவி அதுக்குள்ள முட்டை வெச்சுப்போட்டுதுன்னு அர்த்தம். குளவி இருக்கற மரத்துல மருந்தடிச்சா குளவிதான் சாகும், அதனாலதான் வேளாண் பல்கலைக்கழகத்துல மருந்தை உட்டுட்டு மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்க, தண்ணியை வேகமா அடிப்பக்கம் பீச்சுங்க, கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைச்சு அடிங்கன்னு சொல்றாங்க. எந்த மரத்துக்கு என்ன பண்றதுன்னு முடிவு பண்றவன் நான், அதனால பாக்க வேண்டியவனும் நான்தான.

இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்குதுங்க. இதுக்கு முன்ன ஒரு கம்பெனிக்காரங்க வந்தாங்க, பேரு வேண்டாம். தோப்புக்கு மேல உசரத்துல கோடு போட்டாப்ல அக்கட்டயும் இக்கட்டயும் ஓட்டினாங்க, என்னைய வரப்போரம் நிக்கச் சொல்லிட்டு அவங்க ஸ்கிரீனை அவங்களே பாத்துக்கிட்டாங்க, நான் எட்டிப் பாத்தா "ரிப்போர்ட் வருமுங்க"ன்னாங்க. ரொம்ப நாள் கழிச்சு வாட்ஸ்ஆப்ல ஒரு பிடிஎஃப் வந்துச்சு, தோப்பு பூராவும் செவப்பு மஞ்சள் பச்சைன்னு கலர். செவப்புல இருக்கற மரம் எதுன்னு தேடிப் போனா அது வேர்வாடல் நோயா, தண்ணி பத்தாததா, ஒண்ணும் அதுல இல்லை. வேர்வாடல்னா இலைக்கீத்து உள்ளாக்க வளைஞ்சு விலா எலும்பாட்டத் தெரியும், பக்கத்துல போய்ப் பாத்தா எங்க பக்கத்து ஆளுங்க யாரும் சொல்லிருவாங்க, இருநூறு அடி மேல இருந்து எடுத்த கலர்ல அதெல்லாம் எங்க தெரியும். நெல்லு, மக்காச்சோளம் மாதிரி ஒட்டுக்கா ஒரே மட்டத்துல நிக்கற பயிருக்கு அந்தக் கலர் மேப் உதவும்னு ஒத்துக்கறேன். தென்னைக்கு மரம் மரமாப் பாக்கோணும், பாக்கறப்பவே நில்லு, திரும்பு, கிட்டப் போன்னு சொல்லோணும், அது முடிஞ்சுபோன வீடியோவுல ஆகாது.

ரெண்டாவது காகிள்ஸ்னா பெரிய செலவு, பெரிய வித்தைன்னு நெனச்சுக்காதீங்க. பழைய அனலாக் செட்டுல எந்த காகிள்ஸும் அதே சேனலுக்கு வெச்சா படம் வந்துரும், அவ்வளவுதான், ஆன்டெனா அலை சுத்தற தெசை மட்டும் ட்ரோன்லயும் காகிள்ஸ்லயும் ஒண்ணா இருக்கோணும், வலஞ்சுழின்னா வலஞ்சுழி, மாறிப்போச்சுன்னா படம் ரொம்பக் கெட்டுப்போயிரும். (அதே காரணத்துக்காக பக்கத்துத் தோட்டத்துக்காரரும் ஒண்ணு வாங்கி வெச்சா என்ற தோப்பைப் பாத்துக்கலாம், பாத்துட்டுப் போகட்டும், தேங்கா வெலை அவருக்கும் தெரியும்.) டிஜிட்டல்ல கொஞ்சம் பாத்து வாங்கோணும், சில செட்டுல இன்னொரு ஆளு கூடப் பாக்கறதுக்கு வசதி இருக்குது, சிலதுல இல்லை. படம் டிஜிட்டல்ல பளிச்சுனு இருக்குது, ஈயெல்லாம் தெரியோணும்னா அதுதான் வேணும். ஆனா தோப்புக்குள்ள பச்சை மட்டையும் ஈரமும் 5.8 சிக்னலைத் தின்னுருது, அனலாக்ல படம் புள்ளி புள்ளியா விழுந்து முன்கூட்டியே எச்சரிக்கும், டிஜிட்டல்ல நல்லா இருந்துக்கிட்டே இருந்து திடீர்னு கட்டம் கட்டமா ஒறைஞ்சு நின்னுரும், ஒறைஞ்ச நேரத்துல ட்ரோன் எங்க போகுதுன்னு ஓட்டறவனுக்கே தெரியாது.

அதனால இன்னொரு ஆளும் கண்டிப்பா வேணுமுங்க, காகிள்ஸ் மாட்டாத ஆளு. இதை நான் அழுத்திச் சொல்லோணும், ஏன்னா கோயில் திருவிழாவுல, கல்யாணத்துல எல்லாம் ஒரு பையன் ஓரமா சேர் போட்டு உக்காந்து காகிள்ஸை மாட்டிக்கிட்டு கூட்டத்துக்கு மேல ஓட்டறதை எல்லாரும் வேடிக்கை பாக்கறோம், அவனுக்கு முன்னால இருக்கறது மட்டும்தான் தெரியும், பக்கத்துல வர்ற பருந்தும் தெரியாது, பின்னால இருக்கற ஈபி ஒயரும் தெரியாது, அவன் காலடியில ஓடற கொழந்தையும் தெரியாது. அமெரிக்காவுல, இங்கிலாந்துல எல்லாம் காகிள்ஸ் போட்டு ஓட்டறதுன்னா ட்ரோனை வெறுங்கண்ணுல பாத்துக்கிட்டு ஒரு ஆளு பக்கத்துலயே நிக்கோணும்னு விதி. நம்ம 2021 ட்ரோன் விதியிலயும் படிப்புக்கும் பொழுதுபோக்குக்கும் உடற மாடல் ட்ரோன் கண்ணுக்கு எட்டற தூரத்துக்குள்ளதான் பறக்கோணும்னு இருக்குது, கண்ணைப் பொட்டியில மூடிக்கிட்டவனுக்கு எட்டற தூரம்னு ஒண்ணு ஏதுங்க. எங்க தோப்புல அந்த வேலையை என்ற ஊட்டுக்காரம்மா பாத்தாங்க, "கண்ணு, காக்கா ரெண்டு வருது, கீழ எறக்கு"ன்னு அவங்க போட்ட சத்தத்துலதான் ட்ரோன் தப்பிச்சுது. அப்பறம் அவங்களும் மாட்டிப் பாத்துட்டு மேக்கால வரிசையில எந்த மரத்துல பாளை கருகியிருக்குதுன்னு என்னைய விட வெரசா சொல்லிட்டாங்க, அது வேற கதை.

விதி பத்தி இன்னும் ரெண்டு வார்த்தை. எடை 250 கிராம் வரைக்கும் இருக்கற ட்ரோன் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ, மைக்ரோவைக் காசு வாங்காம சொந்தத்துக்கு ஓட்டறதுன்னா பைலட் சர்டிபிகேட் வேண்டியதில்லை, வாடகைக்கு வர்றவங்க கிட்ட சர்டிபிகேட்டைக் கேட்டுப் பாருங்க. டிஜிட்டல் ஸ்கைங்கற அரசாங்க ட்ரோன் மேப்புல பச்சை மண்டலம்னா 400 அடி வரைக்கும் போலாம், ஏர்போர்ட்டு சுத்துச்சுவர்ல இருந்து 8 முதல் 12 கிலோமீட்டர்ன்னா 200 அடி. தென்னைக்கு அதுல பாதி கூட வேண்டாம். பீளமேடு ஏர்போர்ட்டு, சூலூர் விமானப்படை தளம் பக்கம் தோட்டம் இருக்கறவங்க மேப்பைப் பாக்காம எதையும் மேல உடாதீங்க. எங்க பக்கம் புலிகள் காப்பகம் இருக்குது, அதுக்குள்ள வனத்துறையைக் கேக்காம போகக் கூடாது, ஆனைக்கு மேல போய் சத்தம் போட்டு அது தோட்டத்துக்குள்ள ஓடியாந்தா படுறது நாமதான்.

வயசானவங்களுக்கும் ஒண்ணு. பவர் கண்ணாடி போடறவங்க காகிள்ஸ்க்குள்ளயே பவர் திருகி வெச்சுக்கற மாதிரி இருக்குது, சிலதுல மைனஸ் 8ல இருந்து பிளஸ் 2 வரைக்கும், ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கற தூரத்தையும் தள்ளி வெச்சுக்கலாம், அதைச் சரி பண்ணாமப் பாத்தா தலைவலிதான் மிச்சம். கழட்டி வெக்கறப்ப லென்ஸ் பக்கம் வெயிலுக்குக் காட்டி வெச்சுராதீங்க, லென்ஸ் வெயிலைக் குவிச்சு உள்ள இருக்கற ஸ்கிரீனைச் சுட்டுரும், கயித்துக் கட்டல்ல மல்லாக்கப் போட்டுட்டு மோர் குடிக்கப் போனா வந்து பாக்கறப்ப நடுவுல ஓட்டை.

அரசாங்கம் மருந்தடிக்கற ட்ரோனுக்கு மானியம் குடுக்குது. சிறு குறு விவசாயிக்கு பாதி வெலை, 5 லட்சம் வரைக்கும், மத்தவங்களுக்கு 40 சதவீதம், 4 லட்சம் வரைக்கும். நமோ ட்ரோன் தீதிங்கற மத்திய அரசு திட்டத்துல மகளிர் குழுவுக்கு 80 சதவீதம், 8 லட்சம் வரைக்கும். நல்லதுதான், ஆனா தென்னையில மேல இருந்து மருந்தடிச்சா ஓலையோட மேல் பக்கம்தான் நனையும், ஈ அடிப்பக்கம் குளுகுளுன்னு உக்காந்திருக்கும். அடிக்கற ட்ரோனுக்கு இத்தனை லட்சம் குடுக்கறவங்க, பாக்கற ட்ரோன் ஒண்ணும் காகிள்ஸ் ரெண்டும் வாங்க அதுல ஒரு சின்ன பங்கு ஒதுக்கினாப் போதும். வேளாண் பொறியியல் துறை டிராக்டர் வாடகைக்கு உடற மாதிரி இதையும் மணிக்கணக்குல உடலாம், ஓட்டறதுக்கு நம்ம பக்கத்துக் காலேஜ் பசங்களையே சர்டிபிகேட் எடுக்க வெச்சுக்கலாம், வானத்தைப் பாக்கற வேலைக்கு குழுவுல ஒரு அம்மா போதும். வாடகை ரசீதுலயே "தோட்டக்காரர் நேரில் பார்த்தார்"னு ஒரு கையெழுத்து வாங்கற எடம் வெச்சாங்கன்னா, பாக்க உடாம கலர் பிடிஎஃப் அனுப்பற வேலையும் நின்னுரும்.

மாசி பங்குனியில வெயில் ஏறினா ஈ பெருகிரும், நீங்க இதைப் போடறதா இருந்தா அதுக்கு முன்ன போடுங்க, ஆனைமலை, பொள்ளாச்சி, உடுமலை வேளாண் ஆபீஸ்ல பேப்பர் படிக்கறவங்க இருக்கறாங்க.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருத்தர்,
ஆனைமலை வட்டாரம்.